காடு நமக்கு யார்?

(பங்கின் பொன்விழா நாளன்று ஆற்றிய உரை)



பொன்விழாவுக்காகக் கோயிலுக்கு வண்ணம் பூசினோம், கொடியேற்றினோம், தேர்ப்பவனி கண்டோம். இம்மகிழ்ச்சியைத் தந்த இறைவனுக்குத் தோத்திரம். ஆயினும், ஐம்பதாம் ஆண்டை எவ்வாறு கொண்டாட வேண்டும் என்று இறைவனே கூறியிருப்பதை இந்நாளில் நாம் எண்ணிப் பார்ப்பது நலம். லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். அவ்வாண்டு விதைப்பு வேண்டாம், நிலம் ஓய்வு கொள்ளட்டும், கைமாறிய காணி உரியவனிடம் திரும்பட்டும் என்பது கட்டளை. அதற்குக் கூறப்படும் காரணமோ இன்னும் பெரிது. நிலம் இறைவனுடையது, மக்கள் அதில் வந்து தங்குபவர்கள்.

இது நமக்கு நன்கு பொருந்துகிறது. நம்மில் பெரும்பாலோர் மலையாளிக் குடியினர். நம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கும் நெடுங்காலம் முன்பே ஜவ்வாது மலையில் மனிதர் வாழ்ந்தனர். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் வைத்த கல்திட்டைகளைக் 'குள்ளர் வீடு' என்கிறோம். அவை பெருங்கற்கால மக்கள் தம் இறந்தோருக்காக எழுப்பியவை. அதற்கும் முந்திய புதிய கற்காலத்தவர் தேய்த்து வழவழப்பாக்கிய கற்கோடாரிகளைத் திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி ஆய்வாளர்கள் நம் மலையூர்களில் கண்டிருக்கிறார்கள். அவற்றைப் பிள்ளையாராக வைத்து வணங்கும் ஊர்களும் உண்டு. இத்தனை தலைமுறைக்கும் சோறு போட்டது இந்தக் காடுதான். அந்தப் பந்தியில் கடைசியாக வந்து அமர்ந்த விருந்தாளிகள் நாம்.

விருந்துக்கு வந்தவன் பானையைக் கவிழ்ப்பதில்லை. இந்த ஒழுங்கை நம் பாட்டன்மார் அறிந்திருந்தார்கள். ஏர் பூட்ட முடியாத சரிவில் கொத்துக்காடு கொத்திச் சாமை விதைத்தார்கள். சில போகம் கண்டபின் அந்நிலத்தைப் புதர் மண்ட விட்டு வேறிடம் கொத்தினார்கள். வேதப் புத்தகம் கண்டறியாதவர்கள். ஆனாலும் நிலத்துக்கு ஓய்வு தந்தார்கள்! 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காட்டுக்கு எல்லை கட்டப்பட்டது. இடம் மாற்றிப் பயிரிடும் வழி குறுகிற்று. புளியும் கடுக்காயும் தேனும் எடுக்கவே தயங்கித் தயங்கிக் காட்டுக்குள் போகும் காலம் வந்தது. காடு வேறு, நாம் வேறு என்ற எண்ணமும் மெல்ல நம்முள் புகுந்தது.

அவ்வெண்ணத்தின் விலை என்ன? ஒருகாலத்தில் சந்தனத்துக்குப் பேர்போன மலை இது. மரத்தைப் பணமாக மட்டும் கண்ட கைகள் அதைக் கிட்டத்தட்ட துடைத்தெடுத்தன. பிறகு கூலி தேடி நம் பிள்ளைகள் அயல் காடுகளுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் ஆந்திர மாநிலச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறி 20 பேரைக் காவல் படை சுட்டுக் கொன்றது. அவர்களுள் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டக் கூலியாட்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தனர். வறுமை துரத்திப் போனவர்களை நாம் பழிக்க மாட்டோம். ஆனால் மரம் வெறும் சரக்கான இடத்தில் மனித உயிரும் மலிந்துபோகும் என்பதை அந்நாள் நமக்குக் காட்டிற்று. அதே 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், பூமியின் துயரையும் ஏழையின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று போதித்தது. நமக்கோ அது கண்ணால் கண்ட உண்மை.

ஆகவே பொன்விழா நினைவாக மூன்று காரியங்களைச் செய்வோம். முதலாவது, மறைக்கல்விப் பிள்ளைகளை மாதத்தில் ஒரு ஞாயிறு நம் பாட்டிமாரோடு காட்டுக்கு அனுப்புவோம். எந்த மரம் எப்போது பூக்கும், எந்தக் கிழங்கு உண்ணத் தக்கது, தேனடையில் எவ்வளவு விட்டு வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்டுக் கற்கட்டும். பாட்டியோடு புதைந்துபோகும் அறிவைப் பிறகு எந்தப் பள்ளியிலும் தேட முடியாது.

இரண்டாவது, சாமையை மீண்டும் நம் அடுப்பில் ஏற்றுவோம். 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிற்று. நகரத்தார் தேடி வாங்கும் தானியத்தை ஏழைச் சோறு என்று நாமே ஒதுக்கலாமா?

மூன்றாவது, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காட்டின் சிறு விளைபொருள்மீது பழங்குடியினருக்கு உரிமை தருகிறது. காட்டைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. உரிமையைக் கேட்டுப் பெறுவோம், கடமையையும் ஏற்போம். கோடையில் மலைக்குத் தீ வைக்கும் வழக்கத்தை நம் ஊர்களில் நிறுத்துவோம். செய்யாறு பிறப்பது நம் மலையில். இங்கே காடு கருகினால் சமவெளியில் உள்ள நம் சகோதரரின் கழனியும் வாடும்.

மனிதனை மண்ணால் உருவாக்கிய இறைவன், தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் அவனை அதில் வைத்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. நம் முதல் வேலை அதுவே. அடுத்த ஐம்பது ஆண்டு கழித்து இம்மேடையில் நிற்கப்போகும் நம் பேரப்பிள்ளைகள், காடு எங்கள் உறவு என்று சொல்லும் வரத்தை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வாராக! ஆமென்.