தபால்காரரின் தெருக்கள்



கோட்டுருவியலில்தான் என் வாழ்நாள் கழிந்தது. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்தான் எங்கள் கருவி.

1960-இல் சீனக் கணிதர் குவான் மெய்கோ ஒரு கேள்வி எழுப்பினார். தபால்காரர் தன் பீட்டில் உள்ள எல்லாத் தெருக்களிலும் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். மிகக் குறைந்த தூரத்தில் முடிப்பது எப்படி? மாணவனாக இருந்தபோது என் ஆசிரியர் இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடுதியைச் சுற்றியுள்ள தெருக்களை வரைந்துவரச் சொன்னார். நோட்டும் கையுமாகக் கிளம்பினேன். நாற்சந்தியில் சிக்கலே இல்லை. ஒரு தெரு வழியாக வந்தால் இன்னொன்றின் வழியாக வெளியேறலாம். முச்சந்தியில்தான் ஏதாவது ஒரு தெருவை மறுபடி நடக்க வேண்டியிருந்தது. இப்படி ஒற்றைப்படையாகத் தெருக்கள் கூடும் சந்திப்புகள் எந்த ஊரிலும் இரட்டை எண்ணிக்கையில்தான் இருக்கும். 1736-இலேயே ஆய்லர் கண்டது இது. ஆகவே அவற்றை ஜோடி சேர்க்கலாம். மறுநடை குறையும்படி எப்படி ஜோடி சேர்ப்பது? அதற்கான விரைவான முறையை 1965-இல் ஜாக் எட்மண்ட்ஸ் தந்தார். அந்த மாலை நடையில்தான் இந்தத் துறை என்னைப் பிடித்துக்கொண்டது.

அதே ஊரில் கூரியர் கொண்டுவரும் இளைஞருக்கு எல்லாத் தெருவும் வேண்டாம். அலுவலகத்தோடு சேர்த்து 20 இடங்களைச் சுற்றினால் போதும். கேட்டால் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நொடிக்கு 100 கோடிச் சுற்றுகளைச் சோதிக்கும் கணினி, ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆகும். 25 இடங்கள் என்றால் சுமார் 98 லட்சம் ஆண்டுகள்! எல்லா ஊருக்கும் பொருந்தும் விரைவான முறை இதற்கு இன்றுவரை யாரிடமும் இல்லை.

ஆனாலும் 1954-இல் டான்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் அமெரிக்காவின் 49 நகரங்களுக்கு மிகக் குறுகிய சுற்றைக் கண்டுபிடித்தார்கள். அதைவிடக் குறைவானது இல்லை என்றும் நிரூபித்தார்கள். பெரும்பாலும் கைக்கணக்குதான். சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்காமல், ஆகாதவற்றைக் கூட்டம் கூட்டமாக ஒதுக்கும் சமனிலிகளை எழுதினார்கள். பெரிய கணினி வாங்கினால் எல்லாம் தீரும் என்பவர்களிடம் நான் ஓயாமல் வாதாடுவது இதை வைத்துத்தான். கணக்கின் அமைப்பை முதலில் பாருங்கள்.

இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் நகராட்சியிலும் மருத்துவமனையிலும் வேலைக்குச் சேர்வீர்கள். குப்பை வண்டி எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும். அது தபால்காரர் கணக்கு. ரத்த மாதிரி எடுக்கப் போகிறவருக்குச் சில வீடுகள் மட்டும் போதும். அது கூரியர் கணக்கு. ஆனால் இருவழித் தெருக்களோடு ஒருவழித் தெருக்கள் கலந்துவிட்டால் தபால்காரர் கணக்கும் கடினமாகிவிடும். எந்தத் தெரு எப்படி என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவரோடு ஒரு நாள் வண்டியில் போய்வாருங்கள். வரைந்த படத்தை எனக்கும் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.