404 அலர்ட்டை மியூட் பண்ணின கதை

இன்னைக்குக் கொஞ்சம் கூச்சத்தோடதான் பேசுறேன், ஏன்னா இது நானே பண்ணின தப்பு.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க மதியச் சாப்பாட்டை மாசச் சந்தாவுக்குக் கொடுக்குறாங்க. அவங்களுக்கு ஒரு சின்ன வெப் ஆப் எழுதினேன். ஜாங்கோ, முன்னாடி என்ஜின்எக்ஸ். எச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட் வாங்கின கொஞ்ச நேரத்துலயே பாட் வர ஆரம்பிச்சாச்சு. டொமைன் பேரை யாருக்குமே சொல்லலையே, எப்படி? சர்டிஃபிகேட் கொடுத்ததும் அது சர்டிஃபிகேட் டிரான்ஸ்பரன்சிங்கிற பொது லாக்ல பதிவாகும். அதைப் பார்த்தே புது டொமைனைப் பிடிச்சுடலாம். வந்து என்ன கேட்குது? வேர்ட்பிரஸ் லாகின் பக்கம், பிஎச்பிமைஅட்மின், பாஸ்வேர்ட் வெச்சிருக்குற டாட் என்வ் ஃபைல். நம்மகிட்ட பிஎச்பியே கிடையாதுப்பா! தெருவுல இருக்குற ஒவ்வொரு கதவையும் தள்ளிப் பார்த்துட்டுப் போற ஆள் மாதிரி.

ஒவ்வொண்ணும் ஒரு 404. ஒவ்வொரு 404-க்கும் என் ஃபோன்ல ஒரு டிங். மூணாவது ராத்திரி 404 அலர்ட் எல்லாத்தையும் மியூட் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்.

ஒரு மாசக் கடைசியில யூஆர்எல்-களை ஒழுங்குபடுத்தினேன். பணம் வந்ததும் பேமெண்ட் கேட்வே நம்ம சர்வருக்குத் தகவல் சொல்ற வெப்ஹூக் முகவரியும் அதுல மாறிப்போச்சு. கேட்வேயில இருந்தது பழைய முகவரி. பணம் போகுது, தகவல் 404-ல முட்டி நிக்குது. மறுநாள் 1-ஆம் தேதி, காலையில அக்கா ஃபோன்: "தம்பி, 11 பேர் காசு கட்டிட்டேன்னு ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறாங்க. லிஸ்ட்ல ஒருத்தர் பேரும் இல்ல. நான் யாருக்குன்னு உலை வைக்கிறது?"

லாக்கைத் திறந்தா, அத்தனை தோல்வியும் அங்கேயே இருந்துச்சு. சுத்தி ஆயிரக்கணக்குல குப்பை.

இப்போ பிஎச்பி, டாட் என்வ் மாதிரி நம்மகிட்ட இல்லவே இல்லாத பாதைகளுக்கு என்ஜின்எக்ஸ்லயே 444 போட்டுட்டேன். பதிலே சொல்லாம கனெக்ஷனை மூடிடும், ஜாங்கோ வரைக்கும் வராது, லாகும் தனி ஃபைல். ஆனா புள்ளியில தொடங்குற பாதை எல்லாத்தையும் மொத்தமா அடைச்சுடாதீங்க. டாட் வெல்-நோன் வழியா சர்டிஃபிகேட் புதுப்பிக்குறவங்களுக்கு அது நின்னுபோகும். ஐபியை பிளாக் பண்ணலாமேன்னு கேட்பீங்க. மொபைல் நெட்வொர்க்ல ஒரே ஐபிக்குப் பின்னாடி நிறைய பேர் இருப்பாங்க, அக்காவோட கஸ்டமரே மாட்டலாம். அதனால வேகத்துக்கு மட்டும் ஒரு வரம்பு.

வெப்ஹூக் பாதையில 404 வந்தாலோ, லாகின் பண்ணின ஆளுக்கு 404 வந்தாலோ இப்பவும் டிங்தான்.

அந்த 11 பேரையும் அன்னைக்குக் கையாலேயே சேர்த்தேன். சாப்பாடு போய்ச் சேர மூணு மணி ஆச்சு. ஆட்டோ காசு என் கணக்கு.