இல்லம் தேடிச் செல்லும் தாதிக்கு எந்த வாகனம்?



கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றை நினைத்துப் பாருங்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட பெரியவர். சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, அடிவயிறு வீங்கி, வலியில் துடிக்கிறார். தாதி புறப்பட்டுவிட்டார். ஆனால், அவருடைய வேன் மழையில் ஊறிய செம்மண் பாதையில் சிக்கிக்கொண்டது. அரை மணி நேரத் தாமதம் நமக்குச் சாதாரணம். அந்தப் பெரியவருக்கோ அது ஒரு யுகம்.

நம் நாட்டில் 2014-இல் சுகாதார அமைச்சு, சுகாதார கிளினிக்குகள் வழி இல்லப் பராமரிப்புச் சேவையைத் தொடங்கியது. தனியார் தாதியரும் வீடு வீடாகச் செல்கிறார்கள். சொந்த வாகனம் வாங்க நினைக்கும் தாதியிடம், "பெரிதாக வாங்கு, எல்லாவற்றையும் ஏற்றலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. அது சரிதானா?

தாதி கொண்டு செல்வது என்ன? புண்ணுக்குக் கட்டுப்போடும் பொருள்கள், சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய், இரத்த அழுத்தக் கருவி, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் மஞ்சள் பெட்டி. எல்லாம் இரண்டு பெட்டிகளில் அடங்கிவிடும். எப்போதாவது ஆக்சிஜன் இயந்திரம். அது சுமார் 15 கிலோ. இதற்கு வேன் எதற்கு? நோயாளியை ஏற்றிச் செல்வது ஆம்புலன்சின் வேலை. அவசரத்திற்கு 999 இருக்கிறது.

போகும் இடங்களையும் பாருங்கள். காலையில் மலிவு விலை அடுக்குமாடி. அங்கே கார்கள் இரட்டை வரிசையில் நிற்கும். மதியம் கம்போங், தோட்டம். மோட்டார் சைக்கிள் எங்கும் நுழையும், ஆனால் மாலை மழையில் மருந்துப் பெட்டி நனையும். ஆகவே, மைவி, ஆக்சியா போன்ற ஐந்து கதவுள்ள சிறிய கார்தான் பெரும்பாலோருக்குப் பொருந்தும்.

சாலை வரியை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள 1000 சிசி காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட், 1500 சிசி காருக்கு 90 ரிங்கிட். வித்தியாசம் 70 ரிங்கிட்தான். பட்டணத்துக்குள் தனியாகப் போகிறவருக்குச் சிறிய இயந்திரம் போதும். இருவராகப் பொருள்களோடு மேட்டுச் சாலையில் ஏறுபவர்களுக்குப் பெரியது நல்லது.

கார் கடைக்குப் போகும்போது 10 கிலோ, 5 கிலோ அரிசி மூட்டைகளைக் கொண்டு செல்லுங்கள். பின்கதவைத் திறந்து ஐந்தாறு முறை ஏற்றி இறக்குங்கள். இடுப்பு வலித்தால் அந்தக் கார் வேண்டாம். பின் இருக்கை சமமாக மடிகிறதா, மாற்றுச் சக்கரம் உண்டா, தரைவிரிப்பைக் கழுவ முடியுமா என்று பாருங்கள். சுத்தமான பொருள்களையும் பயன்படுத்தியவற்றையும் பிரித்து வைக்க இடம் வேண்டும்.

இன்னொன்று. வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 50 பாகையையும் தாண்டும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். எந்தக் கார் வாங்கினாலும் குளிர்ப்பெட்டி தாதியோடு வீட்டுக்குள் போகட்டும்.

பணம் கட்டும் முன், இந்த மாதத்து நோயாளிகளின் முகவரிகளை எழுதுங்கள். கடைசி வீட்டின் பாதை எப்படி என்று குறியுங்கள். அந்தப் பாதையில் போகக்கூடிய வாகனமே உங்கள் வாகனம்.