புதுப் பனியும் பதினேழு நிமிடமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கனடாவில் இத்தனை வருஷமா இருக்கியே, வேலையைப் பத்தி ஏதாவது பேசுப்பா" என்றார் சங்கச் செயலாளர் அண்ணன். வேலையைப் பற்றிப் பேசினால் கடைசி வரிசை தூங்கிவிடும். நான் உட்கார்ந்திருந்த வரிசை அது, எனக்குத் தெரியும். ஆகவே நான் போட்ட ஒரு திட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். பனிச்சறுக்குப் பயணத்துக்கான திட்டம் அது. அதில் ஒரு பெரிய தப்பு இருந்தது. அதைச் சொல்லத்தான் மேடைக்கு வந்தேன்.

நானும் என் ஹாஸ்டல் ரூம்மேட்டும் கால்கரி நகரத்தில் இருக்கிறோம். அவன் யாரென்று எங்கள் செட்டுக்குத் தெரியும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான், பாருங்கள். ஐந்தாறு குளிர்காலம் விழுந்து எழுந்து ஸ்கீயிங் கற்றுக்கொண்ட பிறகு, எங்களுக்கு 'கேட் ஸ்கீயிங்' ஆசை வந்தது. கேட் என்றால் பூனை இல்லை. ஸ்நோகேட் என்ற வண்டி. புல்டோசர் மாதிரி சங்கிலிப் பட்டையில் ஓடும். உள்ளே சுமார் பன்னிரண்டு பேர் உட்காரலாம். ரோடும் கயிற்று வண்டியும் இல்லாத மலையில் நம்மை உச்சிக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும். யாரும் மிதிக்காத புதுப் பனியில் நாம் சறுக்கி வரவேண்டும். கீழே வண்டி காத்திருக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் செல்கிர்க் மலைகளில் 1975-ல் தொடங்கிய தொழில் இது. ஹெலிகாப்டரைவிடச் செலவு குறைவு. மேகம் மூடினாலும் வண்டி ஓடும்.

பசிபிக் கடலின் ஈரக்காற்று மலை மலையாக ஏறி உள்நாட்டுக்கு வரும்போது குளிர்ந்து, உலர்ந்த பனியாகக் கொட்டுகிறது. ஒரு கன மீட்டர் தண்ணீர் 1000 கிலோ. அங்கே புதிதாக விழும் பவுடர் பனி 50 முதல் 100 கிலோதான். இலவம்பஞ்சு மாதிரி.

இஞ்சினியர் அல்லவா, எக்ஸெல் ஷீட் போட்டேன். பவுடருக்கு ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஒரு வருஷம் முன்னாலேயே முன்பணம் கட்டியாச்சு. அகலமான ஸ்கீ வாடகைக்கு. காலுக்குப் பலம் சேர மூன்று மாத உடற்பயிற்சி. மீட்புச் செலவுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ். வழியில் ரோஜர்ஸ் கணவாய் வருகிறது. அங்கே பனி கனத்துவிட்டால் சாலையை மூடி, கனடா ராணுவம் பீரங்கியால் சுட்டுப் பனியைச் சரியவைத்த பிறகே திறப்பார்கள். அதற்கென்று ஒரு நாள் கூடுதலாக வைத்தேன்.

ஒரே ஒரு வரியை மட்டும் 'அடுத்த வருஷம்' என்று தள்ளிவைத்தேன். பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு. இரண்டே நாள்தான். "வழிகாட்டிகள்தான் கூட வர்றாங்களே, நமக்கு எதுக்குடா?" என்றேன். அவனும் தலையாட்டினான்.

நாங்கள் போனது 2023 பிப்ரவரி. அந்தப் பருவத்தின் தொடக்கத்தில் பனி குறைவாக விழுந்து, கடுங்குளிர் அடித்தது. மெல்லிய பனி கடுங்குளிரில் கிடந்தால் சர்க்கரை மாதிரி உதிரியாகிவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல்தான் பிறகு வந்த பனியெல்லாம் உட்கார்ந்திருந்தது. சிவில்காரர்களுக்கு விளக்க வேண்டாம்: அஸ்திவாரம் சரியில்லை, மேலே மாடி மாடியாகக் கட்டிக்கொண்டே போகிறார்கள். '2003 மாதிரி இருக்கிறது' என்று பனிச்சரிவு எச்சரிக்கை மையமான அவலாஞ்ச் கனடாவே சொன்னது. 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி ரோஜர்ஸ் கணவாய் அருகே, பள்ளியிலிருந்து ஸ்கீயிங் போன மாணவர்கள் ஏழு பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள்.

முதல் நாள் காலை, வண்டி ஏறுமுன் பயிற்சி. ஒவ்வொருவர் மார்பிலும் டிரான்ஸீவர் என்ற சின்னக் கருவி. 457 கிலோஹெர்ட்ஸில் ஓயாமல் சிக்னல் அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியை 'தேடு' நிலைக்கு மாற்றி, சிக்னலைப் பின்தொடர்ந்து, நீளக் கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்டவேண்டும். வழிகாட்டி ஒரு கருவியைப் பையில் போட்டுப் புதைத்துவிட்டு, "இது உங்கள் நண்பர்" என்று என் ரூம்மேட்டைக் காட்டினார். "நீங்கள்தான் தலைவர். தேடுங்கள்."

ஓடினேன். கூடத் தேடியவர்களில் ஒருவர் தன் கருவியை 'அனுப்பு' நிலையிலேயே விட்டிருந்தார். எல்லோரும் மாற்றிவிட்டார்களா என்று பார்க்கவேண்டியவன் நான், பார்க்கவில்லை. அந்த மனிதரையே சுற்றிச் சுற்றி வந்தேன். பையை வெளியே எடுத்தபோது பதினேழு நிமிடம்.

2024-ல் வெளிவந்த ஸ்விட்சர்லாந்து ஆய்வு ஒன்று சொல்கிறது: பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன் பிறகு முப்பது நிமிடத்துக்குள் அது மூன்றில் ஒருவர் என்று இறங்கிவிடுகிறது. வழிகாட்டி என்னைத் திட்டவில்லை. கடிகாரத்தைக் காட்டினார், அவ்வளவுதான். ரூம்மேட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மெஸ்ஸில் நாலு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் ஒரு சரிவு. திறந்த வெளி, ஒரு கோடு விழாத வெள்ளை. 35 டிகிரி இருக்கும். பெரும்பாலான பனிச்சரிவுகள் 30-க்கும் 45-க்கும் நடுவில்தான் நடக்கின்றன. வழிகாட்டி குழி தோண்டி அடுக்குகளைப் பார்த்துவிட்டு, "இன்று இது வேண்டாம்" என்றார். வண்டிக்குள் முணுமுணுப்பு. "இவ்வளவு பணம் கட்டியிருக்கிறோம்" என்றார் ஒருவர். காலையில் அந்தப் பயிற்சி நடக்காமல் இருந்தால், அதையே நானும் சொல்லியிருப்பேன்.

மரங்களுக்கு நடுவே சாய்வு குறைந்த இடங்களில் சறுக்கினோம். தொடை வரை பனி. சத்தமே இல்லை, நம் மூச்சு மட்டும் கேட்கும். அந்த ஆனந்தத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பெரிய சரிவு அன்று சரியவில்லை. அதனால் 'வேண்டாம்' என்றது தப்பு என்று ஆகிவிடுமா? ஆகாது. பாலம் இன்றைக்கு நிற்கிறது என்பதற்காகக் கணக்குச் சரி என்று நம் பேராசிரியர்கள் மார்க் போட்டதில்லையே!

அடுத்த குளிர்காலம் இரண்டு பேரும் அந்த வகுப்பில் சேர்ந்தோம். இப்போது டிசம்பர் பிறந்தால் பூங்காவில் பையைப் புதைத்து மாறி மாறித் தேடுகிறோம். போன தடவை எனக்கு ஆறு நிமிடம். அவனுக்கு ஐந்து!

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்குத் திட்டம் போடுவீர்கள். செலவு, தேதி, சாமான் எல்லாம் ஷீட்டில் தானாக வந்துவிடும். 'அடுத்த வருஷம்' என்று நீங்கள் தள்ளிவைக்கிற வரி எது என்று மட்டும் ஒரு தடவை பாருங்கள். அதில் இன்னொருத்தர் உயிர் இருக்கலாம். யாராவது 'வேண்டாம்' என்று சொன்னால் திரும்பி வருவதற்கும் திட்டத்தில் ஒரு நாள் வையுங்கள்.

பதினேழு நிமிடத்தை இன்றுவரை சொல்லிக்காட்டாத என் ரூம்மேட்டுக்கு நன்றி.