தொட்டதெல்லாம் பொன்!

(இருக்கன்குடியில் ஆற்றிய உரை)



வைப்பாறும் அர்ச்சுனா ஆறும் கூடுகின்ற ஊரிலே நின்று பேசுகிறேன். ஆற்றிலே முழுகித் தன் வினையைத் தொலைத்த அரசன் ஒருவனின் கதையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? கிரேக்கர் சொன்ன கதை. அரசன் பெயர் மைடாஸ். நாடு பிரிஜியா, இன்றைய துருக்கியிலே இருக்கிறது.

கள்ளுக்கென்றே ஒரு கடவுள் உண்டு கிரேக்கர்களுக்கு. டயோனிசஸ் என்பது திருநாமம். அக்கடவுளின் முதிய தோழன் குடிமயக்கத்தில் வழி தவறி வந்தான். மைடாஸ் அவனுக்குப் பத்து நாள் விருந்து வைத்தான். மகிழ்ந்தார் கடவுள், "வேண்டும் வரம் கேள்" என்றார். மழை கேட்டானா? விளைச்சல் கேட்டானா? "தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும்" என்றான்! கிளையைத் தொட்டான், பொன். கல்லைத் தொட்டான், பொன். பசித்தது, உணவைத் தொட்டான், அதுவும் பொன்! பொன்னைப் பூட்டி வைக்கலாம், புசிக்க முடியுமா? (மகளே பொற்சிலையானாள் என்பார்கள். ரோமக் கவிஞர் ஓவிட் சொன்னதில் அது இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்ன் சேர்த்தது. மன்னனின் பேராசைக்கு மகளையும் பலியிட்டால்தான் படிப்போருக்கு உறைக்கும் என்று எண்ணினார் போலும்!)

மைடாஸ் முழுக் கற்பனையும் அல்லன். கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் அசீரியர் 'மித்தா' என்று பொறித்து வைத்த அரசன் இவனே என்பது ஆய்வாளர் கருத்து. 1957-இல் அவன் தலைநகரான கோர்டியனில், 'மைடாஸ் மேடு' எனப்படும் பெரும் புதைமேட்டைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் குடைந்தனர். உள்ளே இருந்தவன் அவன் தந்தையாக இருக்கலாம் என்கிறார்கள் இன்று. எலும்புக்கூடு இருந்தது. வெண்கலப் பாத்திரங்கள் இருந்தன. மர மேசைகள் இருந்தன. பொன்? குன்றிமணியளவும் இல்லை!

நம் வட்டாரத்திலும் தொட்டதை மாற்றும் கைகள் உண்டு. மாலையிலே பட்டாசு ஆலையிலிருந்து திரும்பும் நம் சகோதரிகளைப் பாருங்கள். அலுமினியத் தூள் அப்பிய கை வெள்ளியாய் மின்னும். தொட்ட சேலை வெள்ளி, தூக்குவாளி வெள்ளி, தேய்த்துக் குளித்த பிறகும் நகக்கண்ணிலே வெள்ளி! இவர்கள் எந்தக் கடவுளிடமும் இந்த வரம் கேட்கவில்லை. வானம் பார்த்த கரிசலிலே வயிறு கேட்டது; வந்தார்கள். 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழிலும் அதன் பின்னே பட்டாசும் வந்திராவிட்டால் இந்த மண் இன்னும் வாடியிருக்கும், மறுக்கவில்லை நான். ஆனால் 2012-இல் முதலிப்பட்டியிலே மாண்டவர் 30-க்கு மேல். 2021-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலே 20-க்கு மேல். மருந்து உராய்ந்தது என்று ஒரு வரியிலே முடிக்கிறார்கள். உரிமம் ஒருவர் பெயரிலே, உள்குத்தகை இன்னொருவர் கையிலே, நால்வர் இருக்க வேண்டிய அறையிலே நெருக்கியடித்துக்கொண்டு பலர்! இவையெல்லாம் உராயவில்லையா?

மைடாஸ் கடைசியில் கெஞ்சினான். பாக்டோலஸ் ஆற்றிலே முழுகு என்றார் கடவுள். முழுகினான், பொன் ஆற்று மணலிலே கலந்தது. அங்கே மணலிலே பொன் இருந்தது. இங்கே மணலே பொன்! வைப்பாற்றிலே இரவிலே லாரியோடு இறங்குபவருக்கு வரமும் தேவையில்லை, கடவுளும் தேவையில்லை.

கதை அதோடு முடியவில்லை. இசைப் போட்டியொன்றில் பிழையாகத் தீர்ப்புச் சொன்னான் மைடாஸ். அப்பாலோ சினந்து அவன் காதைக் கழுதைக் காதாக்கினார். தலைப்பாகையால் மூடிக்கொண்டான். முடி திருத்துபவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடிக்கும். குழி தோண்டி அதற்குள் சொல்லி மூடினார். அங்கே நாணல் முளைத்தது. காற்று வீசும்போதெல்லாம் "அரசனுக்குக் கழுதைக் காது" என்றது!

எந்த ஆலை யாரிடம் உள்குத்தகையில் இருக்கிறது என்பது ஊரிலே டீக்கடை வரைக்கும் தெரியும். தெரிய வேண்டிய காதுகள் நீளமாகத்தான் இருக்கின்றன, கேட்கத்தான் மாட்டா. குழி தோண்டிச் சொல்லலாம் என்றால், மணல் போன ஆற்றிலே நாணல் எங்கே முளைக்கும்? அதனால்தான் ஒலிபெருக்கி கட்டியிருக்கிறோம். அடுத்துப் பேசும் தோழர் அந்தக் குத்தகைக் கணக்கை விவரமாகச் சொல்வார், இருந்து கேளுங்கள்.