உண்டு என்பதே முதல் சொல்



சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்திருக்கோம். உதவித்தொகை அணித் தலைவர் பத்தாவது வளைவிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிட்டார். என்னங்கய்யான்னு கேட்டேன். “ஒண்ணுமில்ல, இயற்கையை ரசிக்கணும்”னார். இறங்கி அவர் ரசிச்சது என்னன்னா, அவிச்ச மக்காச்சோளம்! (சிரிப்பு) வழியிலேயே எங்க அணிக்கு ஓட்டுப் போட்டவர், மேடைக்கு வந்து மாத்திப் பேசலாமா?

மாணவர் பேரவை முதலில் பேச வேண்டியது உணவா, உதவித்தொகையா, விடுதி வாழ்வா? இதுதான் தலைப்பு. நான் உணவு என்று பேச வந்திருக்கிறேன். “பேராசிரியருக்குச் சாப்பாட்டு நினைப்புதான்” என்று எதிரணியில் ஒருத்தர் சொன்னார். எங்க வீட்டிலும் அதையேதான் சொல்றாங்க. அது வேற விஷயம்.

ஐயா, இந்தச் சேர்வராயன் மலையில் இரண்டு விதமான விடுதிப் பள்ளிகள் உண்டு. ஒன்று, 1917-ல் தொடங்கிய மான்ட்போர்ட் பள்ளி போல, வெளியூர்ப் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிற பழைய பள்ளிகள். இன்னொன்று, இந்த மலையின் சொந்தப் பிள்ளைகளுக்காக அரசு நடத்துகிற பழங்குடியினர் பள்ளிகள். இங்கே மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் இல்லை. இந்த மலையிலேயே வாழ்கிற மக்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கு அரசு என்ன பெயர் வைத்திருக்கிறது? உண்டு உறைவிடப் பள்ளி! நான் தமிழ் வாத்தியார், சொல்லைப் பிரிச்சுப் பார்க்காம விடமாட்டேன். முதலில் ‘உண்டு’. அப்புறம் ‘உறைவிடம்’. கடைசியாகத்தான் ‘பள்ளி’. கோப்பில் கையெழுத்துப் போட்ட அதிகாரி தமிழ் படிச்சவரா இல்லையா தெரியாது. ஆனா பசி தெரிஞ்சவர். (கைதட்டல்)

தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்துகிறார். முதலில் தெய்வம். இரண்டாவது என்ன? உணவு! மனுஷன் செய்கிற தொழில்கூடப் பின்னால்தான் வருகிறது. 2024-ல் நம்ம அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ என்று மாணவர் குழுக்கள் அமைத்தார்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று திணைப் பெயர் வைத்தார்கள். எனக்கு ரொம்ப சந்தோஷம். திணை வந்தால் பின்னாலேயே உணவும் வந்துதானே ஆகணும்?

சரி, உதவித்தொகை அணிக்கு வருகிறேன். அவங்க பேசினதில் பொய் ஒண்ணும் இல்லை. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு மேல் கல்வி உதவித்தொகை இருக்கு. அரசுப் பள்ளியில் படிச்சுக் கல்லூரிக்குப் போற பெண்களுக்கு 2022-லிருந்து புதுமைப்பெண், பையன்களுக்கு 2024-லிருந்து தமிழ்ப்புதல்வன், மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள். நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான். அந்த ஆயிரம் ரூபாயை ஒரு மாணவர் பேரவை கூடித் தீர்மானம் போட்டு ஆயிரத்து நூறாக்க முடியுமா? முடியாது. மனுக் கொடுக்கலாம். நினைவூட்டுக் கடிதம் எழுதலாம். ஆனா சாம்பாரில் பருப்பு எவ்வளவு போடணும்? அதை இன்னைக்கு ராத்திரியே பேசி முடிவு பண்ணலாம். தன் கையில் அதிகாரம் இருக்கிற இடத்தில்தான் ஒரு பேரவை ஆளக் கத்துக்கும்.

வந்திருக்கிற தாய்மார்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கணும். பல கல்லூரி விடுதிகளில் ‘டிவைடிங் சிஸ்டம்’ என்று ஒண்ணு உண்டு. மாதக் கடைசியில் மொத்தச் செலவைக் கூட்டுவாங்க. எல்லாரும் சாப்பிட்ட நாட்களையும் கூட்டுவாங்க. இதை அதால் வகுத்தா ஒரு நாள் செலவு வரும். உதாரணத்துக்கு, 200 பேர், 30 நாள், ஆக 6,000 சாப்பாட்டு நாள். செலவு 3,60,000 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 60. பத்து நாள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துட்டு ஊருக்குப் போனவனுக்கு 1,200, முழு மாதமும் இருந்தவனுக்கு 1,800. கணக்குப் பார்க்க, காய்கறி வாங்க, மாணவர்களே ஒரு மெஸ் செகரட்டரியைத் தேர்ந்தெடுப்பாங்க. அம்மாக்கள் மாசாமாசம் சமையல்கட்டில் தனியா உட்கார்ந்து போடுற கணக்குதான். இங்கே 200 பேர் உட்கார்ந்து சண்டை போட்டுப் போடுறாங்க.

எங்க விடுதியில் நான் துணை வார்டனாக இருந்தப்போ ஒரு கூட்டம் நடந்தது. வாரம் ஒரு நாள் கோழி. அதை ரெண்டு நாளாக்கணும்னு ஒரு தீர்மானம். கணக்குப் பார்த்தோம். ஒரு கோழி நாளுக்கு வழக்கத்தைவிட 10,000 ரூபாய் கூடுது. மாதம் நாலு நாள், 40,000. தலைக்கு 200. சரி, ஓட்டெடுப்பு. நூற்றறுபது கைகள் ஜம்முனு மேலே போச்சு. ஒரே கைதட்டல், விசில். ஜனநாயகம் வென்றதுன்னு செகரட்டரி நோட்டில் எழுதப் போனார்.

அப்போ பின்வரிசையில் ஒரு பையன் எழுந்தான். இதே மலைக்காரன். வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ தவிர வேற வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. “கோழி நல்லாத்தாங்க சார் இருக்கும். ஆனா கை தூக்காத எனக்கும் அந்த இருநூறு ரூவா வருமில்லீங்களா? ஸ்காலர்ஷிப் எப்ப வரும்னு தெரியாது. பில்லு ஒண்ணாந்தேதி வந்துருதுங்களே”ன்னான். உட்கார்ந்துட்டான். அவ்வளவுதான். விசில் நின்னுபோச்சு.

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அரைமணி நேரம் பேசின உதவித்தொகைப் பிரச்சினை முழுசும் அந்த ஒரு கோழிக்குள்ளே இருந்ததா இல்லையா? (கைதட்டல்) உதவித்தொகையைப் பற்றிப் பேசணும்னு கூட்டம் போட்டிருந்தா அந்தப் பையன் வந்தே இருக்க மாட்டான். தன் இல்லாமையைச் சொல்ல யாருக்கும் நாக்கு எழாது. சாப்பாட்டைப் பற்றிப் பேசினதாலே எழுந்தான்.

கதை முடியலை. செகரட்டரி வசதியான வீட்டுப் பையன், கோழிப் பிரியன், ஆனா நல்ல மனசு. “அப்போ டோக்கன் முறை வச்சுக்கலாம். வேணுங்கறவங்க காசு கொடுத்து டோக்கன் வாங்கட்டும், வேண்டாதவங்களுக்குச் செலவில்லை”ன்னான். நியாயமாத்தான் பட்டது. எனக்கும் பட்டது. இன்னொரு பையன் கேட்டான்: “டோக்கன் வாங்கினவன் ஒரு வரிசை, வாங்காதவன் ஒரு வரிசையா? யார்கிட்ட காசில்லைன்னு வாரா வாரம் தட்டைப் பார்த்தே தெரிஞ்சுடுமே!”

இந்தக் கேள்விக்கு நூறு வயசு ஆகுதுங்க. 1922-ல் வ.வே.சு. ஐயர் ஒரு குருகுலம் தொடங்கினார். சேரன்மாதேவி குருகுலம்னு பெயர். அவர் தேசபக்தியைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அதற்குப் பணமும் கொடுத்தது. ஆக, நிதியுதவி இருந்தது, உறைவிடம் இருந்தது, படிப்பும் இருந்தது. எங்கே உடைந்தது? பந்தியில்! சில பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு. அதை எதிர்த்துக் கேட்டவர்களில் முன்னால் நின்றவர் டாக்டர் வரதராஜுலு நாயுடு, அன்றைய சேலம் மாவட்டத்து ராசிபுரத்தில் பிறந்தவர். இன்னொருவர் பெரியார். விவகாரம் காந்தியடிகள் வரைக்கும் போனது. 1925-ல் காங்கிரஸ் கமிட்டி கூடி, பிறப்பால் வேற்றுமை பாராட்டக் கூடாது என்று தீர்மானம் போட்டது. அதில் உடன்படாத ராஜாஜியும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு வரிசை தமிழ்நாட்டு அரசியலையே ரெண்டாப் பிளந்தது ஐயா! அன்னைக்கு வாதாடினவங்க எல்லாம் பெரியவங்க. அந்தப் பந்தியில் உட்கார்ந்த பிள்ளைகள் கூடிப் பேசியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நான் யோசிச்சுப் பார்ப்பதுண்டு.

எங்க பையன்களுக்கு இந்த வரலாறு எவ்வளவு தெரியும்னு சொல்ல முடியாது. ஆனா டோக்கனை விட்டுட்டாங்க. அதுக்குப் பதிலா ஒரு வேலை செஞ்சாங்க. ஒரு வாரம், குப்பைத் தொட்டிக்குப் போற சோற்றைத் தராசில் எடை போட்டாங்க. ராத்திரிச் சாதமும் காலை உப்புமாவும்தான் அதிகம் வீணாச்சு. உப்புமாவைப் பற்றி நான் எதுவும் சொல்லலை, வீட்டில் டிவி பார்த்துக்கிட்டிருக்காங்க. (சிரிப்பு) அளவைக் குறைச்சாங்க, மிச்சமானதில் ரெண்டாவது கோழியை வாரா வாரம் இல்லாம, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைன்னு எல்லாருக்கும் போட்டாங்க. பில் ஏறவே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏறுச்சு, ஐம்பது ரூபாய்க்குள்ளே. மறுபடி ஓட்டெடுப்பு. அந்த மலைக்காரப் பையன் கை தூக்கினானான்னு கேட்பீங்க. தூக்கினான், தோள் மட்டத்துக்கு!

விடுதி வாழ்வுதான் முதல் என்று பேசிய அம்மா, ராகிங் கொடுமையைச் சொன்னாங்க. உண்மை. அதுக்குத்தான் நம்ம தமிழ்நாடு 1997-லேயே சட்டம் கொண்டு வந்தது. சட்டம் வந்தாச்சு, போலீஸ் இருக்கு. ஆனா ஒரு சீனியர் ஜூனியரை முதன்முதலா அதட்டுற இடம் எது? சாப்பாட்டு வரிசை. “தள்ளு, நான் முன்னால”ங்கறதுதான் பிள்ளையார் சுழி.

மாணவர் தேர்தலுக்கு லிங்டோ கமிட்டி 2006-ல் விதி சொன்னது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, வருகைப்பதிவு 75 சதவீதம் இருக்கணும், அரியர் இருக்கக் கூடாது. எங்க கல்லூரியில் இந்த மூணும் பொருந்துற ஆளைத் தேடுறதுக்கே தனியா ஒரு கமிட்டி போடணும். (சிரிப்பு) நான் சொன்னா இன்னொரு விதி சேர்ப்பேன். நிற்கிறவர் ஒரு மாதமாவது மெஸ் கணக்கு எழுதியிருக்கணும்.

கடைசியா ஒரு கணக்கு. அரசு விடுதிகளில் பள்ளி மாணவர்களுக்கான உணவுக் கட்டணத்தை 2023-ல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,400 ஆக உயர்த்தினார்கள்; கல்லூரி மாணவர்களுக்கு 1,100-லிருந்து 1,500. வரவேற்கிறேன். 1,400-ஐ முப்பதால் வகுங்க. நாளைக்கு 47 ரூபாய்கூட முழுசா வரலை. மூணு வேளைக்கு வகுத்தா வேளைக்குப் பதினஞ்சரை. கூட்டம் முடிஞ்சு ஏரிக்கரைக்குப் போய் ஒரு டீயும் ரெண்டு பஜ்ஜியும் சாப்பிட்டுப் பாருங்க, பில்லைப் பார்த்துட்டு இந்தப் பதினஞ்சரையை நினைச்சுக்குங்க. இந்தப் பணத்துக்குள்ளே என்ன சமைக்கலாம்னு பிள்ளைகளைக் கேட்டா, பிள்ளை சொல்லும். ராகிக் களியும் சாமைச் சோறும் சாப்பிட்டு வளர்ந்த மலைப் பிள்ளைக்கு அதையே வாரத்தில் ரெண்டு நாள் போடலாமேன்னு சொல்லும். பட்டணத்தில் அதைச் சிறுதானிய உணவுன்னு பெயர் வைத்து விலை கூட்டி விக்கிறாங்க. இங்கே அது பாட்டி சமையல். கேட்கத்தான் ஆள் வேணும். கேட்டதை எழுதிவைக்க நோட்டு வேணும், அந்த நோட்டைப் படிக்க வார்டன் வேணும்.

மணி அடிச்சுட்டாங்க. உதவித்தொகை அணித் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், என் பேச்சு நீளுதுன்னு இல்லை, பின்னால் சமையல்கட்டில் தாளிக்கிற வாசனை அவருக்கும் வந்துடுச்சு. நடுவர் அவர்கள் தீர்ப்பைச் சாப்பாட்டுக்கு முன்னாடி சொல்றதா, அப்புறம் சொல்றதான்னு இந்த அவையையே ஒரு ஓட்டெடுத்துப் பார்க்கணும்னு கேட்டுக்கிட்டு, விடை பெறுகிறேன்.