காரலின் விளக்கும் பற்றீரியாவின் காதும்

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே காரல்மீன் சொதி வைக்காத வீடு இராது. ஆனால் அந்தக் காரலுக்குள் ஒரு விளக்கு இருப்பது தெரியுமோ? அதன் உணவுக்குழாயைச் சுற்றி வளையமாக ஓர் உறுப்பு. அதற்குள் ஒளிவிடும் பற்றீரியாக்கள். வெளிச்சம் வயிற்றுப் பக்கமாகக் கசிவதால், கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற பெரிய மீனுக்குக் காரலின் நிழல் பிடிபடாது.

நான் மாணவர்களுக்குக் காட்டுவது இன்னொரு கடல் பற்றீரியா: விப்ரியோ ஹார்வேயி. ஆய்வுகூட விளக்கை அணைத்துவிட்டுக் கண் பழகும்வரை பேசாமல் நிற்போம். குடுவையைச் சுழற்றியதும் ஒட்சிசன் கலந்து நீலப்பச்சையாக எழும்பும் ஒளி. ஒருமுறை நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தி, "மிஸ், பழங்காரல் இருட்டிலை மினுங்கும் எண்டு அம்மம்மா சொல்லுறவ, உதுதானே?" என்றாள். உதேதான் பிள்ளை, உந்த வகைப் பற்றீரியாதான் என்றேன்.

தனியே திரியும்போது ஹார்வேயி ஒளி விடாது. ஒவ்வொன்றும் சில இரசாயனங்களை நீரில் விடும், கூட்டம் பெருக அவையும் செறியும், அப்போதுதான் வெளிச்சம். எனக்குப் பிடித்த இடம் இனித்தான் வருகிறது, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கோ. ஹார்வேயி மூன்று சமிக்ஞைகளைக் கேட்கிறது. ஒன்று தன் இனத்துக்கு, மற்றது விப்ரியோ சொந்தங்களுக்கு, மூன்றாவது ஊர்பேர் தெரியாத வேற்றினங்களுக்கும் பொது. அந்தப் பொதுச் சமிக்ஞைக்குள் போரன் அணு இருப்பதை 2002இல் நுண்ணுயிரியலாளர் பொனி பாஸ்லரின் குழு காட்டியது. போரன் கடல்நீரில் தாராளமாக உண்டு.

பொதுவில் பேசினால் பிறத்தியாரும் கை வைப்பார்கள் அல்லவா? எங்கள் குடலில் வாழும் ஈ. கோலை அந்தச் சமிக்ஞையைத் தானும் வெளியிடும். பிறகு தானே உறிஞ்சியும் விடும். கூட இருக்கும் ஹார்வேயிக்கு ஆட்கள் குறைந்துபோனதாகப் படும், ஒளி மங்கும். பாஸ்லரும் அவருடன் ஆய்ந்த சேவியரும் 2005இல் இதை வெளியிட்டார்கள். அயலவரின் கணக்கையே குழப்பிவிடும் வேலை!

நேரம் போய்விட்டது. ஒன்று மட்டும்: இதே ஹார்வேயி வளர்ப்பு இறாலைக் கொல்லும் நோய்க்கிருமியும்கூட. அதன் நோய்த்தாக்குதலும் இந்தச் சமிக்ஞைகளோடு தொடர்புடையது என்பதால், அதைக் கொல்லாமல், அவற்றைக் கேட்கும் அதன் காதை மட்டும் அடைக்கிற வழிகளை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். மருந்தைக் கொட்டாமல் இறாலைக் காக்கிற அந்த வித்தையைத் தீவகத்துப் பிள்ளைகளில் யாராவது கண்டுபிடிக்க வேண்டும் என்பது என் ஆசை.